ஓராங் செலேத்தார் பேசுவது மலாயா, தனி மொழியா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். மலேசியாவின் ஜொகூர் பாருவை ஒட்டிய கடலோரக் கிராமத்தில் நண்டு வாங்கப் போகிறீர்கள். அங்கே இருக்கும் ஓராங் செலேத்தார் மக்கள் உங்களிடம் நல்ல மலாயில் பேசுகிறார்கள். தங்களுக்குள் பேசும்போது பாதிதான் பிடிபடுகிறது. பள்ளியில் மலாய் படித்த உங்களுக்கே புரியாத அது மலாயின் வட்டார வழக்கா, தனி மொழியா என்பது முதல் கேள்வி. தாய்லாந்தின் புக்கேட்டில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் ‘கடல் நாடோடிகள்’ பேசுவதும் இதுதானா என்பது இரண்டாவது. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் முதல் கேள்வியில் உள்ள சிக்கல் பாதி தீரும்.

தென்கிழக்கு ஆசியாவில் படகிலேயே குடியிருந்து பழகிய மக்களை மொழி அடிப்படையில் மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். மியன்மாரின் மெர்குயி தீவுக்கூட்டம் முதல் தாய்லாந்தின் அந்தமான் கடற்கரை வரை இருப்பவர்கள் மோக்கன், மோக்லென் மக்கள். பிலிப்பைன்ஸின் சுலு, சபா, சுலாவெசி, இன்னும் கிழக்கே இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருப்பவர்கள் சமா-பஜாவ் மக்கள். மூன்றாவது கூட்டம்தான் மலாக்கா நீரிணையையும் இந்தோனேசியாவின் ரியாவ்-லிங்கா தீவுகளையும் சுற்றியிருக்கும் ‘ஓராங் லாவுட்’, அதாவது கடல் மக்கள். மூன்றும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பம்தான். ஆனால் முதல் இரண்டும் மலாய் அல்ல. சமா-பஜாவுக்கு நெருங்கிய உறவு போர்னியோவின் பாரித்தோ மொழிகளோடு என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. மோக்கன் தனிக் கிளையாக நிற்கிறது. ஒரே தொழில், ஒரே மாதிரிப் படகு, ஒரே மாதிரி வறுமை என்பதால் வெளியார் மூன்றையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டார்கள். புக்கேட்டின் ராவாய் கடற்கரையில் மோக்கன் குடும்பங்களும் ஊராக் லாவோய் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் வசிக்கின்றன. தாய்லாந்துக்காரர்கள் இருவரையும் ‘சாவ் லே’ என்கிறார்கள். ஊராக் லாவோய் பேசுவது மலாய்க் கிளை. மோக்கன் பேசுவது அதில் சேராது. ஆகவே அங்கே போனால் யாரிடம் பேசுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலாய்க் கிளைக்குள் வரும் கடல் மக்களை வடக்கிலிருந்து தெற்காக எண்ணிக்கொண்டு வரலாம். தாய்லாந்தில் புக்கேட், பீபீ, லந்தா, ஆடாங், லீப்பே தீவுகளில் ஊராக் லாவோய். சுமாத்திராவின் கிழக்குக் கரையில் இந்திரகிரி ஆற்று முகத்தைச் சுற்றியும், நீரிணைக்கு இந்தப் பக்கம் பத்து பகாட், பொந்தியான் வட்டாரத்திலும் டுவானோ. மலேசியாவில் இவர்களுக்கு ஓராங் குவாலா என்று பெயர். ஜொகூர் நீரிணையின் அலையாத்திக் காடுகளில் செலேத்தார். கோத்தா திங்கி மாவட்டத்தில் மிகச் சிறிய குழுவான ஓராங் கானாக். பாத்தாம், பிந்தான், லிங்கா தீவுகளில் காலாங், மந்தாங், பாரோக் என்று பல பெயரில் பிரிந்து நிற்கும் சுக்கு லாவுட் மக்கள். இன்னும் தெற்கே பங்கா, பெலித்துங் தீவுகளில் செக்காக். பெலித்துங்கில் அவர்களைச் சாவாங் என்பார்கள். இத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்து, ‘இந்தப் பேச்சுகளில் மட்டும் உண்டு, மற்ற மலாயில் இல்லை’ என்று காட்டக்கூடிய ஒலி மாற்றம் ஏதாவது உண்டா என்றால், இதுவரை எவரும் உறுதியாகக் காட்டவில்லை. மொழிகளைக் கிளை பிரிப்பதற்கு அப்படிப்பட்ட பொது மாற்றம்தான் அளவுகோல். அது இல்லாதபோது ‘கடல் மக்கள் மலாய்’ என்ற தனிக் கிளையும் இல்லை. ஒவ்வொரு பேச்சையும் அதனதன் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இது என் முதல் பதில். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தக் குழுக்களில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்டது ஊராக் லாவோய். அதன் அகராதியும் இலக்கணக் குறிப்பும் 1988இல் கான்பெராவில் வெளிவந்தன. மலாய் தெரிந்த ஒருவருக்கு ஒரு பேச்சு ஏன் புரியாமல் போகிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மக்களின் பெயரே போதும்: மலாயில் ‘ஓராங் லாவுட்’, இவர்கள் வாயில் ‘ஊராக் லாவோய்’. சொல்லின் கடைசியில் நின்ற ங் க் ஆகிவிட்டது. நம் இலக்கணத்தின் சொல்லில் சொன்னால் ஈற்று மெல்லினம் தன் இன வல்லினமாகிறது. மீன் என்னும் ‘ஈக்கான்’ இங்கே ‘ஈக்காட்’. உண்பது என்னும் ‘மாக்கான்’ இங்கே ‘மாக்காட்’. காரணம் உடலியல்தான். மூக்குக்குப் போகும் வழியைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே நாக்கு அடைத்துக்கொள்கிறது. அதனால் மெல்லினத்துக்கு முன்னால் சின்ன வல்லினம் ஒன்று முளைக்கிறது. நாளடைவில் முளைத்தது நிலைத்து, மெல்லினம் உதிர்ந்துவிடுகிறது.

ஆனால் எல்லா மெல்லினமும் இப்படி மாறுவதில்லை. ஈற்றசை மெல்லினத்தில் தொடங்கினால் மூக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கும், வல்லினம் முளைக்க இடமே இல்லை. எண்களைச் சொல்லச் சொன்னால் இந்த விதி அப்படியே கண்முன் வரும். மலாயில் எட்டு ‘லாப்பான்’, இங்கே ‘லாப்பாட்’. ஆறு மலாயில் ‘எனாம்’. இங்கேயும் ‘நாம்’தான், ம் அசையாமல் நிற்கிறது, ஏனென்றால் அந்த அசை ந-வில் தொடங்குகிறது. நான்கு இன்னும் சுவாரசியம். மலாயின் ‘எம்பாட்’ இங்கே ‘பாய்’ என்று வந்து தொண்டை அடைப்போடு சட்டென நிற்கும். பழைய ட் இப்படி ய்-யும் தொண்டை அடைப்புமாக விலகிக்கொண்டது. ‘லாவுட்’ ‘லாவோய்’ ஆனதும் இதே வழியில்தான். காலியான ட் இடத்துக்கு ன் வந்து உட்கார்ந்துவிட்டது. மலாய்க்காரர் தடுமாறுவது இங்கேதான். மலாயில் ‘ஈக்காட்’ என்றால் கட்டுவது. மீன் பேச்சு நடக்கும் இடத்தில் அவர் காதில் கயிறு விழுகிறது. சொற்கள் அத்தனையும் அவருக்குத் தெரிந்த சொற்களே. ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இதைப் பார்த்துவிட்டு ‘மெல்லினம் வல்லினமாவது கடல் மக்களின் அடையாளம்’ என்று எழுதிவிடக் கூடாது. பங்கா தீவின் உள்நாட்டில் வாழும் லோம் மக்களிடமும் ஈற்று மெல்லினத்தின் முன் வல்லினம் முளைப்பது உண்டு. தீபகற்பத்துக் காடுகளில் பேசப்படும், மலாய்க்கு உறவே இல்லாத செமாய் போன்ற மொழிகளிலும், போர்னியோவின் உள்நாட்டு மொழிகள் சிலவற்றிலும் உண்டு. அதேபோல ஈற்று ஸ் தேய்ந்து ஹ் ஆவது. ‘ஹாபிஸ்’ ‘ஹாபிஹ்’ ஆவதைக் கெடாவிலும் கிளந்தானிலும் எந்த மீன் சந்தையிலும் கேட்கலாம். ர-வைத் தொண்டையில் உருட்டுவதும் பல ஊர் மலாயில் உள்ளது. திரங்கானுவில் ‘ஈக்கான்’ ‘ஈக்காங்’ ஆவது உங்களுக்கே தெரியும். கரையில் இருப்பவர் செய்தால் ‘வட்டார வழக்கு’, படகில் இருப்பவர் செய்தால் ‘விசித்திரப் பாஷை’ என்று எழுதும் பழக்கம் பழைய காலனி ஆட்சிக் குறிப்புகளில் நிறைய. அவற்றை வாசிக்கும்போது இந்த உப்பைக் கொஞ்சம் வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

இனி செலேத்தார். இவர்கள் தங்களைக் ‘கோன்’ என்கிறார்கள், கோன் செலேத்தார். அந்தச் சொல் ‘ஓராங்’ என்பதிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. தாய்லாந்து மொழியிலும் ஆளுக்குக் கோன் என்றுதான் பெயர். ஆனால் ஒற்றைச் சொல், அதுவும் ஒற்றை அசைச் சொல், தற்செயலாக ஒத்துப்போவது சாதாரணம். இதை வைத்து யாரையும் சயாமிலிருந்து கூட்டிவர முடியாது. (நம் ‘கோன்’ உடன் முடிச்சுப் போட்டு யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அதுவும் ஆகாது.) இவர்களைப் பற்றிய பழைய எழுத்துப் பதிவுகளில் முக்கியமானது 1847இல் ஜே. ஆர். லோகன் எழுதியது. அதன் பிறகு நீரிணையின் இரு கரையும் மாறிவிட்டன. சிங்கப்பூர்ப் பக்கத்தில் செலேத்தார் ஆற்று முகம் 1986இல் அணைக்கட்டுக்குள் போய் நீர்த்தேக்கமானது. அந்தக் கரையில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஜொகூர் பக்கம் போனார்கள், மற்றவர்கள் மலாய்ச் சமூகத்தோடு கலந்தார்கள். ‘பாவ் காஜாங்’ என்ற கூரை வேய்ந்த படகில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று முதியவர்கள் மட்டுமே. அடிப்படைச் சொற்கள், எண்கள், வாக்கிய அமைப்பு மூன்றையும் பார்த்தால் செலேத்தார் பேச்சு மலாய்க் கிளைதான் என்பதில் தகராறு இல்லை.

மலேசிய அரசு ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களைப் பதினெட்டுக் குழுவாகப் பிரித்து, அதில் ஆறைப் ‘புரோட்டோ மலாய்’ என்று வைத்திருக்கிறது. தெமுவான், ஜாக்குன், செமெலாய், கானாக், குவாலா, செலேத்தார். இணையத்தில் பலர் இந்தப் பட்டியலை மொழிப் பட்டியலாக எடுத்துக்கொண்டு ‘புரோட்டோ மலாய் என்றால் பழைய மலாய் பேசுகிறவர்கள்’ என்று விளக்கம் கொடுக்கிறார்கள். அது தவறு. இதே ஆறில் உள்ள செமெலாய் மக்களின் மொழி மலாயே அல்ல. அது வேறு குடும்பமான மோன்-கெமர் மொழிகளின் பக்கம் சேரும் அஸ்லியான் மொழி. அந்த வகைப்பாடு நிர்வாகத்துக்காகப் போட்டது. மொழியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சரி, வட்டார வழக்கா தனி மொழியா? கள ஆய்வில் இதற்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று, சுமார் இருநூறு அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு எத்தனை விழுக்காடு ஒரே மூலம் என்று பார்ப்பது. எழுபதுக்கு வெகுவாகக் கீழே போனால் தனி மொழி என்று பேசத் தொடங்குவார்கள். இன்னொன்று, பதிவு செய்த பேச்சைப் போட்டுக் காட்டிப் புரிகிறதா என்று சோதிப்பது. முதல் அளவு கடல் மக்கள் விஷயத்தில் ஏமாற்றும். ஈக்கான்-ஈக்காட் ஒரே மூலம் என்று பட்டியலில் மதிப்பெண் விழும்; காதுக்கோ அது வேறு சொல். இரண்டாவது அளவில் வேறு சிக்கல். செலேத்தார் பிள்ளைகள் பள்ளியில் மலாய் படிக்கிறார்கள், சந்தையில் மலாய் பேசுகிறார்கள், ஆகவே அவர்களுக்கு மலாய் முழுக்கப் புரியும். உங்களுக்கு அவர்கள் பேச்சு பாதிதான் புரியும். சினிமா பார்த்துப் பழகிய மலையாளிக்குத் தமிழ் புரிகிற அளவு நமக்கு மலையாளம் புரிவதில்லை அல்லவா, அதே கணக்கு. படித்து வந்த புரிதலையும் இயல்பாக வரும் புரிதலையும் பிரிக்காமல் சோதித்தால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. மலாயில் பள்ளிப் பழக்கம் குறைந்த ஒரு செலேத்தார் முதியவரும், செலேத்தாரோடு பழக்கமே இல்லாத ஒரு ஜொகூர் மலாய்க்காரரும் வேண்டும். முதல்வகை ஆள் இன்று அரிது. இதனால் செலேத்தாரைத் தனி மொழி என்று பட்டியலிடுவதும் மலாயின் கிளைவழக்கு என்பதும் இரண்டுமே நியாயப்படுத்தக்கூடிய நிலைப்பாடுகள். என் கணிப்பைக் கேட்டால் அது மலாயின் வழக்குதான். ஆனால் விளிம்பில் நிற்கும் வழக்கு. ஊராக் லாவோயைத் தனி மொழி என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

டுவானோவும் அந்தத் தனி மொழிப் பக்கம்தான். நீரிணையைச் சுற்றியுள்ள பேச்சுகளில் மலாய்க்காரருக்குப் பிடிபடுவது மிகவும் கடினமான ஒன்று இது. பேசுகிறவர்கள் இதை டெசின் டோலாக் என்றும் சொல்வார்கள். சார் குவே தியா என்ற வறுத்த நூடுல்ஸில் போடும் கேராங் சிப்பி எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் டுவானோ மக்களின் தொழிலைப் பார்த்ததாகும். கடல் வற்றியதும், நீண்டு ஒடுங்கிய பலகை ஒன்றைச் சேற்றில் போட்டு, ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து வழுக்கிக்கொண்டே போய்க் கையால் சிப்பி பொறுக்குகிறார்கள். பலகைக்குத் தொங்கா என்று பெயர், தொழிலுக்கு மெனொங்கா. டுவானோ மக்கள் நெடுங்காலமாக முஸ்லிம்கள், கரை மலாய்க்காரர்களோடு திருமண உறவும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் பேச்சு விலகியே இருப்பதுதான் ஆய்வாளர்களை யோசிக்க வைக்கிறது. மதமும் திருமணமும் வந்தால் மொழி உடனே கரைந்துவிடும் என்ற எளிய கணக்கு இங்கே பலிக்கவில்லை.

இவர்கள் ஆதியிலேயே மலாய் பேசியவர்களா, வேறு ஏதோ மொழியை விட்டு மலாய்க்கு மாறியவர்களா என்பது திறந்த கேள்வி. தெரிந்த வரலாறு இவ்வளவு. 1512 முதல் 1515 வரையான காலத்தில் மலாக்காவிலிருந்து எழுதிய போர்த்துகீசியர் தோமே பீரெஸ், நீரிணையில் வாழும் ‘செலாத்தே’ மக்களைக் குறிப்பிடுகிறார். மலாக்கா நகரம் உருவானதில் அவர்களுக்குப் பங்கு இருந்தது என்கிறார். பிறகு ஜொகூர் சுல்தான்களின் கடற்படையாகவும் தூதுப் படகுகளாகவும் இவர்கள் இருந்தார்கள். 1699இல் சுல்தான் மஹ்மூத் ஷா கொல்லப்பட்டு அரச வம்சம் முறிந்த பின், பதினெட்டாம் நூற்றாண்டில் சுலாவெசியிலிருந்து வந்த பூகிஸ் மக்களின் கை ஓங்க, அந்த இடம் போய்விட்டது. அரண்மனையோடு இவ்வளவு நெருங்கியிருந்தவர்கள் அரண்மனை மொழிக்கு மாறியிருக்கலாம் என்பது ஒரு வாதம். மலாயைத் தீவு தீவாகக் கொண்டுபோனவர்களே இவர்கள்தான், மொழி இவர்களிடமிருந்து கரைக்கு வந்தது என்பது எதிர்வாதம். அடித்தளத்தில் வேறு மொழி இருந்திருந்தால் உடலுறுப்பு, சுட்டுப் பெயர், எண் போன்ற அசையாச் சொற்களில் மலாயால் விளக்க முடியாத ஒரு குவியல் தெரிய வேண்டும். ஊராக் லாவோயில் அப்படிக் குவியல் இல்லை. டுவானோவில் விளக்கத்துக்கு அடங்காத சொற்கள் கூடுதல், ஆனால் அவை ஒரே மூலத்தைக் காட்டவில்லை. படகு பற்றிய சொற்களை ஆதாரமாக எடுப்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். துறைமுகச் சொல் எவரிடமும் ஒட்டிக்கொள்ளும்: மலாயின் ‘காப்பால்’ நம் கப்பல், ‘சம்பான்’ சீனச் சொல்.

இன்றைய வேறுபாடுகளில் எல்லைக்கோட்டின் பங்கும் பெரியது. 1824 ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கை ரியாவையும் ஜொகூரையும் வெட்டிப் பிரித்தது. 1909 ஆங்கிலேய-சயாம் உடன்படிக்கை லீப்பே, ஆடாங் பக்கத்தைச் சயாமிடம், அதாவது இன்றைய தாய்லாந்திடம் விட்டது. ஆகவே இன்று ஊராக் லாவோயில் புதுச் சொல் தாய்லாந்து மொழியிலிருந்து வரும், பாத்தாம் சுக்கு லாவுட்டுக்கு இந்தோனேசியத்திலிருந்து, செலேத்தாருக்கு மலேசியப் பள்ளி மலாயிலிருந்து. மின்சாரம், வரி, மருத்துவமனை, கைப்பேசி பற்றிய சொற்களை ஒப்பிட்டு ‘வெகு தூரம் பிரிந்த மொழிகள்’ என்று முடிவு கட்டுவதில் பொருளே இல்லை. பழைய சொற்களை மட்டும் எடுக்க வேண்டும்.

நீங்களே கேட்டுப் பார்க்க விரும்பினால் வழி இது. மலாயில் கேட்காதீர்கள். ‘ஈக்கானுக்கு உங்கள் சொல் என்ன’ என்றால் மரியாதைக்கு மலாய்ச் சொல்லையே திருப்பித் தருவார்கள். பழைய பட்டியல்களில் பாதி இப்படிக் கெட்டவைதான். பொருளைக் கையில் எடுத்தோ படம் காட்டியோ கேளுங்கள், வினைச்சொல்லுக்குச் செய்து காட்டுங்கள். முதலில் ஒன்று முதல் பத்து. அடுத்து மூக்கு, கை, நாக்கு, பல். அடுத்து மழை, காற்று, மணல், நிலா, கடல், ஆறு. பிறகு நான், நீ, அவர், நாம், நாங்கள். கடைசியில் ‘இல்லை’, ‘அல்ல’, ‘வேண்டாம்’ மூன்றும். மறுப்புச் சொற்கள் வழக்குக்கு வழக்கு வெகுவாக மாறும், பள்ளி மலாய் அங்கே கடைசியாகத்தான் நுழைகிறது. ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லச் சொல்லி, மூன்றாவதை ஒரு சிறு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லும்போது கவனமாக இழுப்பார்கள், ஈற்றொலி தேய்வது தெரியாமல் போய்விடும். குறைந்தது மூன்று பேர், ஒருவர் அறுபதைத் தாண்டியவர். தாய் எந்தக் குழு, தந்தை எந்தக் குழு என்று குறித்துக்கொள்ளுங்கள். தாய் டுவானோ, தந்தை செலேத்தார் என்றால் அந்தப் பேச்சை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பிறகு பதில் தேட முடியாது.

கைப்பேசிப் பதிவு போதும், ஆனால் சுருக்காத வடிவில் பதிவாகும்படி அமைப்பை மாற்றிவிட்டு, ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். படகு எஞ்சின் ஓடும் துறையில் வேண்டாம். இரைச்சலில் முதலில் தொலைந்துபோவது ஈற்று க், ட், தொண்டை அடைப்பு மூன்றும்தான். இந்த மொழிகளில் நமக்கு வேண்டியதும் அந்த மூன்றுதான். எழுதும்போது காது கேட்டதை எழுதுங்கள், மலாய் எழுத்துக்கூட்டலுக்குத் திருத்தாதீர்கள். ‘மாக்கான்’ என்று திருத்திய கையேட்டிலிருந்து ‘மாக்காட்’ எப்போதும் திரும்ப வராது. பதிவின் நகல் ஒன்றைப் பேசியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது தவறாகப் பதிவான சொற்களை அவர்களே திருத்தித் தருவார்கள்.